சூடோமோனாஸ் மருந்தல்ல, உறைமோர்!

"நெல்லுல குலை நோய் வந்துருச்சுங்க, இயற்கை மருந்து ஏதாச்சும் இருக்குதுங்களா?" பூச்சிமருந்துக் கடைகளில் இப்போது அடிக்கடி காதில் விழுகிற கேள்வி இது. கடைக்காரரும் அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைப் பவுடர் பொட்டலத்தை எடுத்துக் கொடுக்கிறார். 'சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ்' என்று அதன்மேல் அச்சடித்திருக்கிறது. வாங்கிப் போன விவசாயி அதை டேங்கில் கரைத்து, பதினோரு மணி வெயிலில், ஏற்கெனவே கருகிப்போன இலை மேல் அடிக்கிறார். பத்து நாள் கழித்துப் பார்த்தால் நோய் இன்னும் பரவியிருக்கிறது. அப்புறம் டீக்கடையில் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள்: "இயற்கை விவசாயமெல்லாம் பேச்சுக்குத்தான் நல்லா இருக்கும். பவுடருக்குக் குடுத்த காசு தண்டம்."

இந்தத் தீர்ப்பால் அந்த ஒரு பொட்டலத்தின் பெயர் மட்டும் கெடவில்லை. அந்த ஊரில் இயற்கைக்கு மாறலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நாலு பேர் பின்வாங்கிவிடுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். அங்கே பாக்டீரியா தோற்கவில்லை. ரசாயனப் பூசணக்கொல்லியைப் பயன்படுத்துகிற அதே பழக்கத்தில் ஓர் உயிரைப் பயன்படுத்தியதுதான் தோற்றது. நோய் வந்த பிறகு ஓடிப்போய் வாங்குவது, பொட்டலத்தின் தேதியைப் பார்க்காதது, மண்ணில் அதற்குச் சாப்பாடு இருக்கிறதா என்று யோசிக்காதது, இவ்வளவும் ரசாயனம் நமக்குக் கற்றுக் கொடுத்த பழக்கங்கள். ரசாயனத்தை விட்டுவிட்டோம், பழக்கத்தை விடவில்லை.

அந்தப் பவுடருக்குள் என்ன இருக்கிறது?

பொட்டலத்தில் உள்ள வெள்ளைப் பவுடரில் பெரும்பகுதி டால்க், அதாவது முகப்பவுடரில் இருக்கிற அதே மாக்கல் தூள். அது வெறும் வண்டிதான். வண்டியில் ஏறி வருகிற பயணிதான் சூடோமோனாஸ். நம் தமிழ்நாட்டில் பரவலாகப் புழங்குவது கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்த பி.எஃப்.1 என்ற ரகம். நெல்லில் ரகம் இருப்பதுபோல பாக்டீரியாவிலும் ரகம் உண்டு. எல்லா சூடோமோனாஸும் ஒரே மாதிரி வேலை செய்யாது.

இந்தப் பாக்டீரியாவின் பெயரிலேயே ஒரு சேதி இருக்கிறது. ஆய்வகத்தில் 'கிங்ஸ் பி' என்ற ஊடகத்தில் வளர்த்து, புற ஊதா விளக்கில் காட்டினால் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். அதனால்தான் 'ஃபுளோரசன்ஸ்'. ஒளிர்கிற அந்த நிறமிக்குத்தான் மண்ணில் முக்கியமான வேலை. மண்ணில் இருக்கிற இரும்புச்சத்தை அது பற்றி இழுத்து பாக்டீரியாவிடம் சேர்த்துவிடுகிறது. நோய் உண்டாக்கும் பூசணத்துக்கும் இரும்பு வேண்டும். கிடைக்காதபோது அதனால் முளைத்து வளர முடிவதில்லை. அதாவது எதிரியை அடிக்காமலே பட்டினி போடுகிறது.

இரண்டாவது வேலை இடம் பிடிப்பது. டவுன் பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிக்கிறோமே, அதே வேலைதான். வேர் முளைத்து வரும்போதே அதன் மேல் போய் உட்கார்ந்துவிட்டால், பின்னால் வருகிற வேரழுகல் பூசணத்துக்கு உட்கார இடம் குறைந்துவிடும். வேரிலிருந்து கசிகிற சர்க்கரையையும் அமிலங்களையும் முதலில் வந்தவர் சாப்பிட்டுவிடுவார். ஏற்கெனவே நிறைந்துவிட்ட பஸ்ஸில் துண்டு போட்டு என்ன பிரயோசனம்?

மூன்றாவது, சில ரகங்கள் பூசணத்தைத் தடுக்கிற நஞ்சுகளைத் தாமே சுரக்கின்றன. பூசணத்தின் செல் சுவரைக் கரைக்கிற நொதிகளையும் சுரக்கின்றன.

நான்காவதுதான் எனக்கு ஆச்சரியமான விஷயம். வேரில் குடியேறிய பாக்டீரியா செடி முழுவதையும் உஷார்படுத்துகிறது. ஊர் எல்லையில் ஒரு நாய் குரைத்தால் தெரு முழுக்க விழித்துக்கொள்கிற மாதிரி. பிறகு இலையில் நோய்க்கிருமி வந்து இறங்கும்போது செடியின் எதிர்ப்பு சீக்கிரமாகவும் பலமாகவும் வேலை செய்கிறது. விதையிலும் வேரிலும் செய்கிற நேர்த்தி இலையில் வருகிற குலை நோயை எப்படிக் குறைக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இந்த நாலு வேலையையும் கவனித்துப் பாருங்கள். நாலுமே நோய் வருவதற்கு முன்னால் நடக்க வேண்டியவை. வந்த நோயை விரட்டுகிற வேலை என்று பெரிதாக எதுவும் இதில் கிடையாது. பயிர்க் காப்பீட்டுக்குப் பிரீமியத்தை விதைப்பு சமயத்தில் கட்டுகிறோம். வெள்ளம் வந்த மறுநாள் போய்க் கட்ட முடியுமா? இதுவும் அப்படித்தான்.

கோதுமை வயல் சொன்ன பாடம்

பாக்டீரியாவால் ஒரு வயலையே நோயிலிருந்து காப்பாற்ற முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஓர் உதாரணம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கோதுமை வயல்களில் ஒரு வேர் நோய் உண்டு. பூசணம் வேரைக் கறுப்பாக்கி, கதிரை வெளுத்துப் பதராக்கிவிடும். அதே நிலத்தில் தொடர்ந்து கோதுமையே போட்டால் முதல் சில ஆண்டுகள் நோய் ஏறிக்கொண்டே போகும். ஆனால் அதற்குப் பிறகு, யாரும் மருந்து அடிக்காமலே, நோய் தானாக இறங்கத் தொடங்குகிறது. நெதர்லாந்திலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஜேம்ஸ் குக், டேவிட் வெல்லர் போன்ற விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் இதைத் துருவினார்கள். அந்த மண்ணில் கோதுமை வேரைச் சுற்றி, பூசணத்தைத் தடுக்கும் நஞ்சைச் சுரக்கிற ஒளிரும் சூடோமோனாஸ் ஏராளமாகப் பெருகியிருந்தது தெரியவந்தது.

அந்த மண்ணை 60 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்தால் நோயைத் தடுக்கும் குணம் போய்விடுகிறது. காரணம் மண்ணின் சத்து அல்ல, அதில் இருந்த உயிர்தான் என்பது இதில் தெளிவாகிறது. இன்னொரு பக்கம், அந்த மண்ணில் கொஞ்சம் எடுத்து வேறு மண்ணில் கலந்தால் அந்த மண்ணுக்கும் அந்தக் குணம் வந்துவிடுகிறது.

நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஒரு கரண்டி மோரை ஒரு பானை பாலில் ஊற்றி, மறுநாள் காலையில் பானை முழுக்கத் தயிர் எடுக்கிறவர்கள் அவர்கள். ஆனால் உறை ஊற்றுகிற யாரும் அதைத் தண்ணீரில் ஊற்ற மாட்டார்கள். கொதிக்கிற பாலிலும் ஊற்ற மாட்டார்கள். ஒரு மாதம் வெயிலில் கிடந்த மோரையும் ஊற்ற மாட்டார்கள். ஊற்றிவிட்டு அஞ்சு நிமிஷத்தில் தயிர் எங்கே என்று கேட்கவும் மாட்டார்கள்.

சூடோமோனாஸ் பொட்டலம் ஒரு கரண்டி உறைமோர். மண்தான் பால். மட்கு இல்லாத, தொழுவுரம் பார்த்துப் பல வருஷமான, உப்பு உரத்தில் இறுகிப்போன மண்ணில் அதைக் கொட்டுவது தண்ணீரில் உறை ஊற்றுகிற வேலை. கோதுமை உதாரணத்தை வைத்து ஒரே பயிரையே போட்டுக்கொண்டிருக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நோய் இறங்குவதற்கு முன் அந்த விவசாயி பல வருஷம் நஷ்டப்பட்டிருக்கிறான். பயிர் சுழற்சியும் பசுந்தாள் உரமும் மட்கும் இருந்தால், அந்த நஷ்டத்தைப் படாமலே மண்ணை நாம் தயார் செய்ய முடியும்.

ஒரு நெல்மணிக்கு எத்தனை பாக்டீரியா?

வங்கியில் இருந்தவன் என்பதால் எதையும் கணக்குப் போட்டுப் பார்க்கிற வழக்கம் எனக்கு உண்டு. இதற்கும் போட்டுப் பார்ப்போம்.

நம் நாட்டு விதிப்படி சூடோமோனாஸ் பவுடர் 1 கிராமில் குறைந்தது 10 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும். நெல் விதை நேர்த்திக்குப் பரிந்துரை கிலோவுக்கு 10 கிராம். அப்படியானால் 1 கிலோ விதைக்கு 100 கோடி பாக்டீரியா. சன்ன ரக நெல் ஆயிரம் மணி ஏறத்தாழ 20 கிராம் இருக்கும் என்று வைத்தால், 1 கிலோவில் 50,000 மணி. ஆக ஒரு மணிக்கு 20,000 பாக்டீரியா பங்கு வருகிறது. அத்தனையும் ஒட்டிக்கொள்ளாது என்றாலும், இடம் பிடிக்க அது நல்ல படை.

இப்போது பொட்டலத்தில் நூற்றில் ஒரு பங்குதான் உயிரோடு இருக்கிறது என்று வையுங்கள். ஒரு மணிக்கு வெறும் 200. மண்ணில் ஏற்கெனவே கோடிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிற மற்ற நுண்ணுயிர்களுக்கு நடுவில் அந்த 200 போய் என்ன செய்யும்? நூறு பேர் ஏறவேண்டிய பஸ்ஸில் ஒரே ஒரு துண்டு போட்ட கதைதான்.

பொட்டலத்தில் பாக்டீரியா ஏன் சாகிறது? இங்கேதான் ஓர் அடிப்படை வித்தியாசத்தை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். சூடோமோனாஸ் வித்து உண்டாக்காத ஜாதி. சூடும் வறட்சியும் அதற்கு ஆகாது. மாதம் ஆக ஆகக் குறைந்துகொண்டே வரும். கடையில் தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் கிடந்தால் இன்னும் வேகமாகக் குறையும். பேசில்லஸ் சப்டிலிஸ் என்று இன்னொரு நன்மை செய்யும் பாக்டீரியா இருக்கிறது. ஃபெர்டினாண்ட் கோன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1872ல் அதற்கு இந்தப் பெயரைக் கொடுத்தார். காய்ந்த புல்லை ஊறவைத்த தண்ணீரில் எளிதாகக் கிடைப்பதால் 'வைக்கோல் பாக்டீரியா' என்றே அதற்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. கஷ்ட காலத்தில் அது கெட்டியான வித்தாக மாறி உறங்கிவிடும். சூட்டையும் வறட்சியையும் தாங்கும், ஈரம் கிடைத்ததும் விழித்துக்கொள்ளும். அதனால் அலமாரியில் அது நெடுநாள் தாங்கும். நம் ஊர் வெயிலையும் கடைகளின் நிலையையும் பார்க்கும்போது, பல நோய்களுக்குப் பேசில்லஸையும் நாம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து.

செத்த பாக்டீரியா உள்ள பொட்டலமும் உயிருள்ள பாக்டீரியா உள்ள பொட்டலமும் பார்வைக்கு ஒன்றுதான். அதே வெள்ளைப் பவுடர், அதே வாசம், அதே விலை. கலப்படப் பாலைக்கூட நாக்கில் வைத்துக் கண்டுபிடிக்கிறவன் விவசாயி. இதை அவனால் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் பொட்டலத்தின் தேதியும் விற்பவரின் நேர்மையும் அரசின் சோதனையும் இதில் இவ்வளவு முக்கியமாகிறது.

எப்போது, எப்படி?

நெல்லுக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிற முறை எளிமையானது. விதை 1 கிலோவுக்கு 10 கிராம் பவுடரை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து இரவு முழுக்க விதையை ஊறவைக்க வேண்டும், பிறகு தண்ணீரை வடித்து முளைகட்டலாம். நடவின்போது, ஏக்கருக்கு 1 கிலோ பவுடர் என்ற கணக்கில், 10 சதுர மீட்டர் அளவுக்குப் பாத்தி கட்டி, 2.5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, அதில் பவுடரைக் கரைத்து, நாற்றின் வேர் அரை மணி நேரம் நனையும்படி வைத்து நடலாம். நட்ட 30ஆம் நாள் ஏக்கருக்கு 1 கிலோ பவுடரை 20 கிலோ தொழுவுரத்தோடு கலந்து தூவலாம். 45ஆம் நாளுக்கு மேல் லிட்டருக்கு 2 கிராம் வீதம் பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை வரை இலையில் தெளிக்கலாம்.

இந்த நாலில் எதையாவது ஒன்றை விடவேண்டி வந்தால் கடைசித் தெளிப்பை விடுங்கள், விதை நேர்த்தியை விடாதீர்கள். ஆனால் நடப்பில் நாம் செய்வது தலைகீழ். விதை நேர்த்தியை விட்டுவிட்டு, நோய் கண்ணுக்குத் தெரிந்த பிறகு தெளிப்பில் ஆரம்பிக்கிறோம்.

உளுந்து, நிலக்கடலையில் வரும் வேரழுகலுக்கும் அதே கிலோவுக்கு 10 கிராம் விதை நேர்த்திதான். ஆறிய அரிசிக் கஞ்சியைத் தொட்டுக் கலந்து, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிட வேண்டும்.

மஞ்சளில் கிழங்கு அழுகல் வருகிற தோட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது வடிகால். அந்த நோயை உண்டாக்குவது ஈரத்தில் நீந்திப் பரவுகிற ஜாதி. மழைத் தண்ணீர் பாத்தியில் ரெண்டு நாள் நிற்கிற இடத்தில் எந்தப் பாக்டீரியாவும் உங்களைக் காப்பாற்றாது. நோயில்லாத தோட்டத்து விதைக் கிழங்கு, மேட்டுப் பாத்தி, நன்றாக மட்கிய எரு, அதற்குப் பிறகுதான் சூடோமோனாஸ். வாழையில், அதிலும் ரஸ்தாளியில் வருகிற வாடல் நோயும் அப்படியே. அந்தப் பூசணம் பயிரே இல்லாவிட்டாலும் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். வாடிய மரத்தின் தூரில் பவுடரைக் கரைத்து ஊற்றுவது செத்தவன் வாயில் பால் ஊற்றுகிற சடங்குதான். கன்று நடும்போதே தொடங்க வேண்டும். நோய் கண்ட தோட்டத்துக் கன்றைத் தொடவே கூடாது.

தெளிப்பதாக இருந்தால் சாயங்காலம் தெளியுங்கள், வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர் பாக்டீரியாவைக் கொல்லும். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் வேண்டாம், கிணற்றுத் தண்ணீரே நல்லது. இயற்கை விவசாயத்தில் போர்டோ கலவைக்கு இடம் இருப்பதால் நம்மில் சிலர் அதை அடிக்கிறோம். அதில் இருக்கிற தாமிரம் பாக்டீரியாவையும் சேர்த்துத்தான் கொல்லும். அதை அடித்த கையோடு சூடோமோனாஸும் அடிப்பது, வேலைக்கு ஆளைக் கூப்பிட்டுவிட்டு வாசலில் நாயை அவிழ்த்துவிடுகிற மாதிரி. நெல்லுக்குத் தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் குலை நோய் கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். அது யூரியாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

"பொட்டலமே எதுக்குங்க?"

நம் இயக்கத்தில் மூத்தவர்கள் சிலர் கேட்கிற கேள்வி இது. "சாணமும் கோமியமும் வீட்டில் இருக்கும்போது கடைப் பொட்டலத்துக்கு எதற்குக் கையேந்த வேண்டும்? யூரியா மூட்டையை விட்டு பாக்டீரியா பொட்டலத்தைப் பிடித்தால் அது விடுதலையா?" இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். வெளியிலிருந்து வாங்குவதைக் குறைப்பதுதான் நம் பாதை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் ரெண்டு விஷயம் சொல்ல வேண்டும். சாணக் கரைசலிலும் ஜீவாமிர்தத்திலும் நுண்ணுயிர்கள் ஏராளம். அதில் எது எத்தனை என்று தொட்டிக்குத் தொட்டி மாறும். ஒரு குறிப்பிட்ட நோய் வருஷாவருஷம் வந்து சோறு போடாமல் செய்கிற நிலத்தில், அந்த நோய்க்கு எதிராகத் தேர்ந்தெடுத்த ரகத்தை விதையோடு அனுப்புவது பலன் தருகிற காரியம். இருபது முப்பது வருஷம் ரசாயனத்தில் கிடந்து இப்போதுதான் மாறுகிற நிலத்துக்கு அது இன்னும் அவசியம். அங்கேதான் முதல் ரெண்டு மூணு போகத்தில் விவசாயி மனம் உடைந்து திரும்பிப் போகிறான்.

ரெண்டாவது, இது என்றைக்கும் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டிய பொருள் அல்ல. மட்கும் மூடாக்கும் பயிர் சுழற்சியும் சேர்ந்து மண்ணைத் தயார்படுத்திவிட்டால், மண்ணே தன் படையை வளர்த்துக்கொள்ளும். தயிர் உறைகிற வீட்டில் தினமும் யாரும் உறைமோருக்குப் பக்கத்து வீட்டுக்குப் போவதில்லை. எந்த வருஷம் உங்களால் பொட்டலத்தை நிறுத்த முடிகிறதோ, அந்த வருஷம்தான் மண் தேறிவிட்டது என்று அர்த்தம்.

இதற்குக் குறுக்குவழியாக, வெல்லம் போட்ட பீப்பாயில் பவுடரைக் கரைத்து மூடிவைத்துப் பெருக்குகிற பழக்கம் பரவி வருகிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சூடோமோனாஸ் காற்று வேண்டுகிற உயிர். மூடிய பீப்பாயில் வெல்லத் தண்ணீரில் நுரைத்துப் பொங்குவது பெரும்பாலும் வேறு ஏதோதான். நுரையைப் பார்த்து சூடோமோனாஸ் பெருகிவிட்டது என்று நம்புவது, பொட்டலத்தை நம்பி ஏமாறுவதைவிட மோசம். நன்றாக மட்கிய, ஈரம் உள்ள தொழுவுரத்தில் கலந்து, நிழலில் வைத்துக் கலந்த சூட்டோடு வயலுக்குக் கொண்டுபோவதே பத்திரமான வழி.

நாம் கேட்க வேண்டியது

குலை நோய்க்கு அடிக்கிற டிரைசைக்ளசோல் என்ற ரசாயனத்தின் எச்ச வரம்பை 2017ல் ஐரோப்பிய ஒன்றியம் அரிசியில் கிலோவுக்கு 1 மில்லிகிராமிலிருந்து 0.01 மில்லிகிராமாகக் குறைத்தது. நூறில் ஒரு பங்கு. வடக்கே பாசுமதி ஏற்றுமதி செய்பவர்கள் கலங்கிப் போனார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் அதற்கு மாற்றைத் தயார் செய்திருந்தால் கலங்க வேண்டியதில்லை. மாற்று நம் கையிலேயே இருந்தது. அதை ஒழுங்காக உற்பத்தி செய்து, உயிரோடு விவசாயி கையில் சேர்க்கிற ஏற்பாடுதான் இல்லை.

எங்கள் வட்டாரத்தில் ஒரு வருஷம் மானியத்தில் சூடோமோனாஸ் கொடுத்தார்கள். நல்ல திட்டம். ஆனால் பொட்டலம் வந்து சேர்ந்தது நடவு முடிந்து ஒரு மாதம் ஆன பிறகு. விதை நேர்த்திக்கான பொருளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? காலாவதி ஆக ரெண்டு மாதம்தான் பாக்கி. பலபேர் வீட்டுப் பரணில் அது அப்படியே கிடந்தது. புள்ளிவிவரத்தில் மட்டும் அத்தனை ஏக்கருக்கு உயிரியல் முறை போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு எழுதியிருப்பார்கள்.

இந்த நுண்ணுயிர்ப் பூசணக்கொல்லிகளும் 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்குள்தான் வருகின்றன. பதிவு எண், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண் எல்லாம் பொட்டலத்தில் இருக்க வேண்டும். பதிவு எண்ணே இல்லாமல் 'பயிர் ஊக்கி' என்ற பெயரில் அதே பவுடரை விற்கிறவர்களும் இருக்கிறார்கள். கடைகளில் மாதிரி எடுத்துச் சோதிக்க ஆய்வாளர்களுக்குச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது. ஆகவே நம் இயக்கம் அரசிடம் மூன்று கோரிக்கை வைக்க வேண்டும்.

ஒன்று, ஒவ்வொரு பட்டத்துக்கும் முன் கடைகளிலும் அரசுக் கிடங்குகளிலும் உள்ள நுண்ணுயிர்ப் பொட்டலங்களில் மாதிரி எடுத்து, உயிருள்ள எண்ணிக்கை எவ்வளவு என்று சோதித்து, முடிவை வேளாண் விரிவாக்க மைய வாசலில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும்.

இரண்டு, மானியப் பொட்டலம் விதைப்புக்கு முன் வந்து சேர வேண்டும். பிந்தினால் அந்தப் பருவத்துக்கு அனுப்பவே வேண்டாம், அடுத்த பருவத்துக்குப் புதிதாகத் தயாரித்துக் கொடுக்கட்டும்.

மூன்று, இதை விற்கிற கடையில் வெயில் படாத, சூடில்லாத இடம் இருக்க வேண்டும் என்பதை உரிமத்தின் நிபந்தனையாக்க வேண்டும். பாலுக்கும் தடுப்பூசிக்கும் குளிர்ச்சி வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறோம். இதுவும் உயிர்தானே?

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஒரு ஊர்க் குழுவில் முப்பது பேர் இருந்தால், பட்டத்துக்கு ஒரு மாதம் முன்னால் எத்தனை கிலோ வேண்டும் என்று எழுதி, வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ மொத்தமாகச் சொல்லி வைத்து, புதுச் சரக்காக வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளலாம். தனி ஆளாகக் கடையில் நின்றால் கடைக்காரர் கொடுத்ததுதான். முப்பது பேராகக் கேட்டால் தயாரித்த தேதியை நாம் நிர்ணயிக்கலாம்.

கூடவே ஒரு காரியம் செய்யுங்கள். நேர்த்தி செய்த வயலில் ரெண்டு பாத்தியை மட்டும் நேர்த்தி செய்யாத விதையில் விடுங்கள். பொட்டலத்தின் தொகுதி எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். 60ஆம் நாள் ரெண்டு பக்கமும் பத்துப் பத்துக் குத்தை எண்ணி, எத்தனை குத்தில் நோய் என்று எழுதுங்கள். பலன் தெரிந்தால் எந்தச் சரக்கு நல்லது என்று கையில் ஆதாரம் இருக்கும். தெரியாவிட்டால் எந்தச் சரக்கைப் பற்றிப் புகார் சொல்ல வேண்டும் என்று தெரியும். முப்பது நோட்டும் ஒரு குழுவில் சேர்ந்தால், அதிகாரியிடம் பேசும்போது அதற்கு இருக்கிற மரியாதையே தனி.

அடுத்த பட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. பொட்டலம் வாங்குவதற்கு முன்னால் எருக்குழியை ஒரு முறை எட்டிப் பாருங்கள். அது நிறைந்திருந்தால் மட்டும் கடைக்குப் போங்கள். காலியாக இருந்தால் முதல் வேலை அங்கேதான் இருக்கிறது.